நட்புத் தோட்டம், முதல் மாடி

எங்கள் அலுவலகப் புல்வெளியில் ஒரே ஒரு குழிதான் உண்டு. டெல்லிக்கு வருகிற எல்லா நாட்டு விவசாயக் குழுவினரும் அந்தக் குழியில்தான் மரம் நடுவார்கள். வேறு இடமே இல்லையா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் அந்த மூலையில் நின்றால்தான் முகத்தில் வெயில் சரியாக விழும், ஏசி பெட்டிகள் படத்தில் வராது என்றார்கள். காலையில் ஒரு நாட்டு அமைச்சர் மாங்கன்று நடுவார். நாங்கள் கைதட்டுவோம். அடுத்த குழு வருவதற்கு முந்தின மாலை தோட்டக்காரர் அதைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவார். மறுநாள் இன்னொரு நாடு வரும். கல்வெட்டு மட்டும் தனித்தனி. குழியைச் சுற்றி இருபது நாடுகளின் பெயர் பளிங்கில் நிற்கும், நடுவில் ஒற்றை மாங்கன்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும். அதற்கு நட்புத் தோட்டம் என்று பெயர்.

நாடுகள் ஒன்றுக்கொன்று விதையும் பயிர் அறிவும் கொடுத்து வாங்கி, பருப்பும் பயறும் கிழங்கும் எல்லோருக்கும் எட்டும்படி விளைவிக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்வதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. நல்ல வேலை. நான் கிண்டல் செய்வது வேலையை அல்ல, குழியை. என் பிரிவு விருந்தினர் ஏற்பாடு. ரிப்பன் கட்டிய மண்வெட்டி, பூவாளி, கை துடைக்க வெள்ளைத் துண்டு, இவற்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்பேன். எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்ததற்கு அந்தத் தட்டாவது கிடைத்ததே என்று என் கணவர் சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவின் மலைநாடு ஒன்றிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது, காலில் தட்டையான செருப்பு. குறைந்த தண்ணீரில் விளைகிற பயறுகளைப் பற்றி மூன்று நாள் பேச்சு நடந்தது. கடைசி நாள் குழிக்கு அழைத்துவந்து மாங்கன்றைக் கையில் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பயறோடு கிடந்தவள் நான், மாங்கன்றை ஏன் நட வேண்டும் என்று கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, மண்வெட்டியைச் சட்டை செய்யாமல் குத்த வைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி நான்கு விதைகளைப் போட்டு மூடினார்.

படம் எடுப்பவர் தவித்துப்போனார். செடியே இல்லாமல் எதைப் படம் எடுப்பது? எங்கள் இணை இயக்குநர் என் காதில், “அஜெண்டாவில் கன்றுன்னு இருக்கே மேடம், விதைன்னு இல்லையே” என்று முணுமுணுத்தார். கடைசியில் வெறும் மண்ணைச் சுற்றி ஏழு பேர் நின்று புன்னகைத்த படம் ஒன்று எடுத்தோம். பார்த்தால் யாரையோ அடக்கம் செய்த இடம் போல இருக்கும்.

துண்டைக் கொடுத்தபோது அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “சோளம் தீர்ந்த பிறகு அடுத்த மழை வரைக்கும் எங்கள் மாவட்டம் இந்தப் பயறைத்தான் தின்று உயிரோடு இருக்கும். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.” முடிச்சிலிருந்த மீதி விதைகளை இரு நாட்டு நட்பின் அடையாளமாக இணை இயக்குநரிடம் ஒப்படைத்தார்.

இணை இயக்குநர் அதை விதை வங்கிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அழகாக இருக்கிறது என்று வரவேற்பறைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். மழைக்காலத்தில் வண்டு வந்தது. வண்டு வராமலிருக்க யாரோ ஒரு புத்திசாலி விதைகளுக்கு வார்னிஷ் அடித்தான். இன்றும் பளபளவென்று மின்னிக்கொண்டு அங்கேதான் இருக்கின்றன. முளைக்க மட்டும் முளைக்காது.

குழியில் போட்ட நான்கில் இரண்டு முளைத்தன. அடுத்த குழுவுக்காகத் தோட்டக்காரர் குழியைச் சுத்தம் செய்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மூன்று மூன்றாக இலை. விஞ்ஞானி பயறு என்றது நம்மூர் அவரை இனத்தைத்தான், எனக்கு அவரைக் கொடியைத் தெரியாதா? ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணோடு அள்ளிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாட்டு நட்பைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் அப்போது என் மனதில் இல்லை. பொரியல்தான் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிட்வாய் நகரில் எங்கள் அரசுக் குடியிருப்பு முதல் மாடி. பால்கனியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் நட்டேன். ஒன்று பட்டுப்போனது. மற்றது கம்பியைப் பிடித்து, டிஷ் ஆண்டெனாவைச் சுற்றி, மேலே போக வழியில்லாமல் கீழ்வீட்டு ஜன்னலில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டில் நாகர்கோவில்காரப் பெண், பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். ஊதா விளிம்பு கட்டிய காய்கள். அப்படி ஒரு பிஞ்சு டெல்லி மார்க்கெட்டில் கிடைக்காது. நானும் அவளும் போட்டி போட்டுப் பறித்தோம். பொரியல், கூட்டு, புளிக்குழம்பு. கோடையில் கொடியைக் கழித்துவிடுவேன், ஐப்பசியில் மறுபடி பூத்துவிடும். மூன்று வருடம் இப்படி ஓடியது. ஒரு காயையாவது முற்ற விட்டோமா என்றால், இல்லை. முற்றிய அவரைக்காய் வீட்டில் தொங்கினால் எங்களுக்கு மானக்கேடு. அந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று அர்த்தம்.

போன டிசம்பர் தொடக்கத்தில் அந்த விஞ்ஞானியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தொடர்ந்து இரண்டு பருவம் மழை பொய்த்துவிட்டது. மாவட்டத்து மக்கள் விதைக்கு வைத்திருந்த பயறையும் தின்றுவிட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் இருந்ததையும் வந்து கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். இப்போது அந்தப் பயறு அங்கே ஒரு வீட்டிலும் இல்லை. ஜனவரியில் வேறொரு கூட்டத்துக்காக டெல்லி வருகிறேன், உங்கள் தோட்டத்தில் நான் நட்ட கொடியிலிருந்து ஒரு கைப்பிடி விதை வேண்டும், மார்ச் மழைக்குள் போட்டாக வேண்டும் என்று கடிதம் முடிந்தது.

உடனே கூட்டம் போட்டோம். குழியில் அப்போது ஒரு தீவு நாட்டு மாங்கன்று இருந்தது.

“அதனால் என்ன? மார்க்கெட்டிலிருந்து ஏதாவது ஒரு பயறுக் கொடியை வாங்கிக் குழியில் வைத்துவிட்டால் போயிற்று” என்றார் இணை இயக்குநர்.

எனக்கு வந்த கோபத்தில் மேஜையிலிருந்த பிஸ்கட் தட்டைத் தள்ளிவிட்டேன். “சார், அவங்க ஊர்ல ஜனங்க விதையைத் தின்னிருக்காங்க. நாம அவங்களுக்கு வேற கொடியைக் காட்டப் போறோமா?” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் உண்மையும் வெளியே வந்துவிட்டது. கொடி என் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அரசுத் தோட்டத்தின் நட்புச் செடி ஓர் ஊழியரின் பால்கனியில். இது திருட்டா, பராமரிப்பா? ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். திருட்டு என்றால் என்மேல் விசாரணை வைக்க வேண்டும், விசாரணை முடியும்வரை கொடியை யாரும் தொடக் கூடாது. ஆகவே பராமரிப்பு என்று முடிவாயிற்று. மறுநாளே எழுத்தில் உத்தரவு வந்தது. கிட்வாய் நகரில் என் வீட்டு முதல் மாடி பால்கனி, மறு உத்தரவு வரும்வரை, நட்புத் தோட்டத்தின் விரிவாக்கப் பகுதி. கம்பியில் பச்சைப் பலகை மாட்டினார்கள். தோட்டத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரு சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் வீட்டு வாசல் சாவியில் ஒன்று, சீட்டு ஒட்டி, ஜெனரேட்டர் அறைச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது.

என் கணவர் பலகையைப் படித்துவிட்டு வந்தார். “ஏட்டி, நான் பால்கனில லுங்கி காயப் போடலாமா, இல்ல அதுக்கும் ஃபைல் போடணுமா?”

“கேட்டுச் சொல்லுதேன்” என்றேன். கேட்டேன். போடக் கூடாது என்றார்கள்.

பலகையெல்லாம் சரி, கொடியில் ஒரு விதை இல்லை. பூவும் பிஞ்சும்தான். விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தேன். இருப்பதை இன்றிலிருந்து தொடாமல் விட்டால் ஐந்து ஆறு வாரத்தில் சில காய்களாவது முற்றிக் காயும். டெல்லிப் பனியில் அது நடக்குமா? கீழே இறங்கிப் போய் நர்ஸிடம் நிலைமையைச் சொன்னேன்.

“எக்கா, நேத்துகூட ஒரு சட்டி பறிச்சனே” என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். “சத்தியமா இனி தொட மாட்டேன். அந்த ஜன்னலயே தொறக்க மாட்டேன், போதுமா?”

அந்த ஐந்து வாரமும் பிள்ளைப்பேறு பார்ப்பது போலப் பார்த்தேன். குரங்கு வந்தால் தட்டைத் தட்டி விரட்டினேன். பனி கொட்டிய நாட்களில் என் பழைய சால்வையைக் கொடிமேல் போர்த்தினேன். ஒவ்வொரு காயாகத் தடித்தது, பச்சை வெளுத்தது, சில பழுப்பாகிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை சலசலத்தது. மூன்று வருடம் ருசி பார்த்த கொடியின் சத்தத்தை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். எண்பது காய்க்குக் குறையாது. சந்தோஷத்தில் அலுவலகத்தில் மூன்று குறிப்பு எழுதினேன், மூன்று அதிகாரிகளுக்கு. காய்ந்த காய்கள் தயார், விருந்தினர் முன்னிலையில் பறிக்கப்படும் என்று.

விருந்தினர் வருவதற்கு முந்தின நாள். டெல்லியில் பெரிய ஆள் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடைபாதை ஓரத்துக்குச் சுண்ணாம்பு, மரத்தடிக்குக் காவி, காய்ந்த இலை ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. தோட்டம் முழுவதையும் தயார் செய்யும்படி உத்தரவு போனது. தோட்டம் முழுவதும் என்றால் விரிவாக்கப் பகுதியும் சேர்த்துத்தானே? நானும் என் கணவரும் அலுவலகம் போயிருந்தோம். நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் அலுவலகத்தில் தொங்கிய எங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கத்தரிக்கோலுடன் வந்தார்.

மாலை வீடு திரும்பியபோது கொடி தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது. இலை ஒவ்வொன்றும் துடைத்து மின்னியது. பெயின்ட் வாளிக்குக் காவி அடித்திருந்தது. பழுப்பாக ஒரு காய் இல்லை. வெட்டியதையெல்லாம் மதியமே குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். “ஏக்தம் சாஃப் கர் தியா, மேடம்ஜி” என்றார் பெருமையாக. சுத்தமோ சுத்தம் என்கிறார். நான் இந்தியில் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வைதேன், போதாததற்குத் தமிழிலும் வைதேன். முடிகிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார், “விதைக்கு விட்டிருக்கிறது என்று என்னிடம் யார் சொன்னது மேடம்ஜி?”

யாரும் சொல்லவில்லை. மூன்று அதிகாரிகளுக்கு மூன்று குறிப்பு எழுதினேன். அதில் ஒருவர்கூட செடியைத் தொடப் போகிறவர் இல்லை. கத்தரிக்கோல் வைத்திருந்த ஒரே மனிதரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்துவிட்டு பால்கனித் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் விஞ்ஞானி வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். முதலில் குழிக்குக் கூட்டிப்போனார்கள். மாங்கன்றையும், தன் நாட்டின் பெயர் பொறித்த பளிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். “தட்பவெப்பக் காரணங்களால் தங்கள் செடி விரிவாக்கப் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளது” என்றார் இணை இயக்குநர். விஞ்ஞானி வரவேற்பறைக் கிண்ணத்திலிருந்து ஒரு விதையை எடுத்து நகத்தால் கீறினார், முகர்ந்தார், திரும்ப வைத்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பால்கனியில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. அவரும் இணை இயக்குநரும் நானும் நின்றோம். மற்ற அதிகாரிகள் எங்கள் வீட்டுக் கூடத்துச் சோபாவில் என் கணவரோடு உட்கார்ந்திருந்தார்கள். கொடியைக் கண்டதும் விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இலையைத் தடவினார். பிறகு காம்புகளைக் கவனித்தார். காய் பறித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. ஒரு தழும்பின்மேல் விரலை வைத்தபடி என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

“பிஞ்சிலேயே பறித்திருக்கிறீர்கள்.”

“ஆமாம்” என்றேன்.

“பழைய கிளையிலும் இருக்கிறது. எத்தனை வருடமாக?”

“மூன்று வருடமாக.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இங்கேயும் அவ்வளவு மோசமா? யாரும் எனக்கு எழுதவே இல்லையே.”

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவர் ஊரில் யாரும் இந்தக் காயைப் பிஞ்சில் தொட மாட்டார்கள். முற்ற விட்டு, காய வைத்து, பயறாக்கி, பானையில் சேர்த்து வைப்பார்கள். பிஞ்சைப் பறிக்கிற வீடு பட்டினியில் விழுந்துவிட்ட வீடு. பயறு முற்றும்வரை காத்திருக்கத் தெம்பில்லாத வீடு. அவர் கண் கலங்கி நின்றது எனக்காக.

இணை இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. இந்தியாவின் தானிய இருப்பு, கிடங்குகளின் கொள்ளளவு, ரேஷன் கடைகளின் எண்ணிக்கை என்று ஜனவரிக் குளிரில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழி, ஐஸ்கிரீம் டப்பா, பொரியல், வார்னிஷ், உத்தரவு, சாவி, கத்தரிக்கோல், எதையும் விடவில்லை. “நாங்கள் பசியில் பறிக்கவில்லை. ருசிக்குப் பறித்தோம். விதை ஒன்றும் மிச்சமில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கொடியின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காயையும் இரு விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனார். தோட்டக்காரர் பழுப்பைத்தான் வெட்டியிருந்தார். மஞ்சள் தட்ட ஆரம்பித்த காய்களைப் பச்சையில் சேர்த்து விட்டுவைத்திருந்தார். அப்படி ஒன்றைப் பறித்துப் பிளந்தார். உள்ளே ஊதாக் கறுப்பில் நான்கு விதைகள், தடித்து, ஓட்டிலிருந்து விலகி இருந்தன.

“தோல் காய வேண்டும் என்று இல்லை, உள்ளே நிறைந்தால் போதும். இது முளைக்கும். நிழலில் உலர்த்த வேண்டும்” என்றார்.

எம்.எஸ்ஸி. படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க அழுவதற்குப் பதில் ஒரு காயை உரித்துப் பார்த்திருக்கலாம். கீழ்வீட்டு ஜன்னலையும் ஐந்து வாரத்துக்குப் பிறகு திறக்கச் சொன்னேன். நர்ஸ் ஒரு சேலை முந்தானை நிறைய மஞ்சள் காய் கொண்டுவந்தாள். உரித்து எடுத்ததில் ஒரு கைப்பிடிக்கு மேலேயே தேறியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது இணை இயக்குநருக்கு உயிர் வந்தது. விதை வெளிநாடு போக வேண்டும் என்றால் நோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதில் விளைந்த நாடு என்ற கட்டம் இருக்கிறது, விளைந்தது கிட்வாய் நகரில். “அச்சா, அப்படியானால் இது இந்தியாவின் அன்பளிப்பு!” என்று உற்சாகமானார். அவர்கள் பயறை அவர்களுக்கே, இந்தியப் பரிசாக, ரிப்பன் கட்டி. விஞ்ஞானி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். பிப்ரவரி முடிவதற்குள் அனுப்புங்கள். வார்னிஷ் மட்டும் வேண்டாம்” என்றார். சான்றிதழ் விஷயத்தை நானே கூடவிருந்து முடிப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்தேன். முடிக்கவும் செய்தேன். இந்த முறை குறிப்பு எழுதவில்லை, ஒவ்வொரு மேஜையாகப் போய் நேரில் சொன்னேன்.

விதைகளை வெள்ளைத் துணியில் பரப்பிய பிறகு அவர் கொடிக்குத் திரும்பிப் போனார். ஒரு கொத்து இளம்பிஞ்சைப் பறித்து என் கையில் வைத்தார். “நீங்கள் செய்வது போலச் செய்யுங்கள். பார்க்கிறேன்.”

நார் உரித்து, பொடியாக அரிந்து, கடுகும் உளுந்தும் தாளித்து, வேக வைத்து, இறக்கும்போது தேங்காய் துருவிப் போட்டேன். சோற்றோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். சோபாவில் இருந்த அதிகாரிகளுக்கும் கொடுத்தேன், வந்துவிட்டார்களே. விஞ்ஞானி மட்டும் சோற்றைத் தொடாமல் பொரியலை ஒவ்வொரு துண்டாக எடுத்து மென்றார். எனக்கு ஒன்பது வயதில் ஒரு வருடம் இதைப் பிஞ்சில் தின்றோம் என்றார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொடியை அம்மா ஒரே நாளில் மொட்டையடித்தாள், அழுதுகொண்டே பறித்தாள், வெறும் தண்ணீரில் வேக வைத்து எங்கள் ஐந்து பேருக்கும் பங்கு வைத்தாள் என்றார். மின்விசிறி ஓடாத அந்த அறையில் யாரும் மெல்லவில்லை. இணை இயக்குநர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்போது தேங்காய் இல்லை” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை என்னிடம் நீட்டினார்.